கைத்தொலைபேசி இணையச் செயலிகள்: பதிப்புகளின் பின்னால் ஓடும் ஆவணங்கள்

கைத்தொலைபேசியின் உலாவிக்குள்ளேயே இயங்கும் செயலிகள் இணையச் செயலிகள் என்று அழைக்கப்படுகின்றன. எந்தக் கடையிலிருந்தும் தரவிறக்கம் செய்யத் தேவையில்லாமல், முகவரியைத் தட்டினாலே திறந்துகொள்பவை இவை. பயணச்சீட்டு முன்பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவமனையில் நேரம் குறித்தல், அரசாங்க விண்ணப்பப் படிவம் என்று மக்கள் நாள்தோறும் கையாளும் சேவைகளில் கணிசமானவை இவ்வகையில்தான் வழங்கப்படுகின்றன.

இவற்றை எழுதும் மென்பொருள் வல்லுநர்கள், எந்த வசதி எந்த உலாவியின் எந்தப் பதிப்பில் வேலை செய்யும் என்பதைக் கூறும் ஆவணங்களை நம்பியே எழுதுகிறார்கள். சந்தையில் உள்ள எல்லாத் தொலைபேசிகளையும் வாங்கிச் சோதித்துப் பார்ப்பது பெரிய நிறுவனங்களுக்கே இயலாத காரியம். ஆகவே ஆவணம் பிழையாக இருந்தாலோ, நேற்றுவரை சரியாக இருந்து இன்று காலாவதியாகிப் போயிருந்தாலோ, அதன் விளைவை இறுதியில் அனுபவிப்பவர் அதைப் படித்த வல்லுநர் அல்லர். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தொலைபேசியில் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பயனரே அதை அனுபவிக்கிறார்.

இந்த ஆவணங்களை யார் எழுதுவது, யார் செலவை ஏற்பது, பழையவற்றை எவ்வளவு காலம் பேணுவது என்ற கேள்விகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகவே தொடர்ந்து வருகின்றன. தொழில்நுட்பக் கேள்விகள் போலத் தோன்றினாலும், அவற்றில் பாதிக்கு மேல் நிதியையும் அதிகாரத்தையும் பற்றியவை.

செயலிக் கடைக்கு முந்திய காலம்

2007 ஜூன் மாத இறுதியில் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது அதற்கென்று செயலிக் கடை எதுவும் இருக்கவில்லை. அம்மாதம் நடந்த ஆப்பிள் நிறுவனத்தின் வருடாந்தர மாநாட்டில் உரையாற்றிய அதன் அன்றைய தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ், வெளியார் செயலி எழுத விரும்பினால் சஃபாரி உலாவிக்குள் இயங்கும் இணையச் செயலிகளாக எழுதலாம் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் அந்த நிலைப்பாடு மாறியது. 2008 ஜூலையில் செயலிக் கடை திறக்கப்பட்டது. எனினும் அந்தக் குறுகிய இடைவெளியில் உருவான சில வழக்கங்கள் இணையத்தில் நிலைத்துவிட்டன.

அவற்றில் முக்கியமானது வியூபோர்ட் எனப்படும் ஒரு வரி. அன்றைய இணையப் பக்கங்கள் கணினித் திரைக்காக எழுதப்பட்டவை. எனவே ஐபோனின் சஃபாரி, தனது திரை 980 புள்ளிகள் அகலம் கொண்டது போலப் பாவனை செய்து பக்கத்தை அமைத்து, பிறகு அதைச் சுருக்கிக் காட்டியது. தமது பக்கம் சிறிய திரைக்காகவே எழுதப்பட்டது என்று உலாவிக்குச் சொல்ல விரும்பியவர்கள், பக்கத்தின் தலைப்பகுதியில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று ஆப்பிள் கூறியது. முறையான தரநிலை எதிலும் அப்போது இது இடம்பெற்றிருக்கவில்லை. ஆப்பிளின் விளக்க ஆவணமே நடைமுறையில் தரநிலையாயிற்று. மற்ற உலாவிகள் அந்த ஆவணத்தைப் பார்த்து அதே வசதியைச் செய்துகொண்டன. ஆவணம் வாய்திறக்காத இடங்களில் ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றியபடி நடந்துகொண்டது. ஒரு நிறுவனத்தின் கையேடு சட்டப் புத்தகத்தின் இடத்தைப் பிடிக்கும்போது அதிலுள்ள இடைவெளிகளும் சட்டமாகிவிடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

காலாவதியான அறிவுரை எவ்வளவு நீண்ட ஆயுள் கொண்டது என்பதற்கும் இதே காலகட்டத்தில் உதாரணம் உண்டு. தொடக்ககாலத் தொடுதிரை உலாவிகள், பயனர் ஒரு முறை தட்டியதும் ஏறத்தாழ 300 மில்லி வினாடிகள் காத்திருந்தன. அவர் இரண்டாம் முறையும் தட்டிப் பக்கத்தைப் பெரிதாக்கப் போகிறாரா என்று பார்ப்பதற்காகவே இந்தக் காத்திருப்பு. இணையச் செயலிகள் மந்தமானவை என்ற எண்ணம் பரவியதில் இதற்கும் பங்குண்டு. 2011 இல் ஆப்பிளின் செயலிக் கடையை விட்டு விலகி இணையச் செயலியாக வெளிவந்த லண்டன் நாளேடான ஃபைனான்ஷியல் டைம்ஸின் தொழில்நுட்பப் பிரிவினர், இந்தத் தாமதத்தை நீக்கும் ஃபாஸ்ட்கிளிக் என்ற சிறு நிரலை எழுதி அனைவருக்கும் இலவசமாக வழங்கினர். பயிற்சிக் கட்டுரைகள் யாவும் அதைப் பரிந்துரைத்தன.

2014 இல் ஆண்ட்ராய்டின் குரோம் உலாவியும், 2016 இல் ஐ.ஓ.எஸ். 9.3 பதிப்பும், வியூபோர்ட் வரியை முறையாக எழுதிய பக்கங்களில் இந்தத் தாமதத்தைக் கைவிட்டன. ஃபாஸ்ட்கிளிக்கை எழுதியவர்களே, புதிய உலாவிகளில் அது பயனற்றது என்பதோடு புதிய பிழைகளையும் உண்டாக்கக்கூடும் என்று தமது திட்டத்தின் முகப்பில் எச்சரித்தனர். ஆனால் பயிற்சிக் கட்டுரைகளை எழுதியவர்கள் திரும்பி வந்து திருத்தவில்லை. அவற்றைப் படித்தவர்கள், இல்லாத நோய்க்கு மருந்தைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு நாட்காட்டிகள்

எந்த வசதி எங்கே வேலை செய்யும் என்று எழுதுவது ஏன் கடினம் என்பதைப் புரிந்துகொள்ள, உலாவிகள் எவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஐபோனில் சஃபாரியின் புதிய பதிப்பு இயங்குதளத்தின் புதிய பதிப்போடுதான் வருகிறது. ஒரு தொலைபேசிக்கு ஐ.ஓ.எஸ். புதுப்பிப்பு நின்றுபோனால், அதன் உலாவியின் வளர்ச்சியும் அத்துடன் நின்றுவிடுகிறது. ஐபோனில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர்களில் கிடைக்கும் உலாவிகளும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினையே பயன்படுத்த வேண்டும் என்பது நெடுங்கால விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த விதி 2024 மார்ச்சில் வெளியான ஐ.ஓ.எஸ். 17.4 பதிப்புடன் தளர்த்தப்பட்டது. எனவே, குரோமின் இத்தனையாவது பதிப்பில் இந்த வசதி உண்டு என்று கூறும் வாக்கியம் ஆண்ட்ராய்டுக்கு உண்மையாகவும் ஐபோனுக்குப் பொய்யாகவும் இருக்க முடியும்.

ஆண்ட்ராய்டின் கதை வேறு. அதன் 4.3 பதிப்பு வரை, தொலைபேசியோடு வந்த உலாவியும், மற்றச் செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூ என்ற பகுதியும் இயங்குதளத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. தயாரிப்பு நிறுவனம் புதுப்பிப்பு அனுப்பாவிட்டால் அவை அப்படியே உறைந்துவிடும். 2013 இல் வந்த 4.4 பதிப்பில் வெப்வியூ குரோமியத்துக்கு மாறியது. 2014 இல் வந்த 5.0 பதிப்பிலிருந்துதான் வெப்வியூ, இயங்குதளத்தைத் தொடாமல் கடை வழியாகவே புதுப்பிக்கப்படும் பகுதியானது.

குரோம் 2021 முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்ற கணக்கில் வெளிவரத் தொடங்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2020 இலேயே அந்த வேகத்துக்கு மாறியிருந்தது. மாதம் ஒரு நாட்காட்டி, ஆண்டுக்கு ஒரு பெரிய நாட்காட்டி என்று இரண்டு வேகங்களில் நகரும் பொருளை ஒரே அட்டவணையில் அடைக்க வேண்டியிருக்கிறது. அச்சுப் புத்தகங்கள் இத்துறையில் முதலில் தோற்றுப்போனது இதனால்தான்.

'ஆம்' என்பதன் பொருள்

பதிப்பு எண் சரியாக இருந்தால் போதும் என்றால் பிரச்சினை எளிது. ஆனால் ஒரு வசதி 'உண்டு' என்று அட்டவணை கூறும்போது, எந்த நிபந்தனையில் உண்டு என்பதே பெரும்பாலும் முக்கியமாகிறது.

உலாவியிலேயே சிறு தகவல்களைச் சேமித்துவைக்கும் லோக்கல் ஸ்டோரேஜ் என்ற வசதி சஃபாரியில் தொடக்க காலத்திலிருந்தே இருந்தது. ஆனால் பயனர் தனிமை உலாவல் முறைக்கு மாறினால், அதில் எழுதும் முயற்சி ஒவ்வொன்றும் பிழையில் முடிந்தது. வசதி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று பதில் வரும். பயன்படுத்தினால் செயலி நின்றுவிடும். ஐ.ஓ.எஸ். 11 வரை இந்த நிலை நீடித்தது. அட்டவணையில் அந்தக் கட்டம் முழுக் காலமும் பச்சை நிறத்தில்தான் இருந்தது.

2020 மார்ச்சில் வந்த ஐ.ஓ.எஸ். 13.4 வேறொரு நிபந்தனையைக் கொண்டுவந்தது. ஒரு தளத்தைப் பயனர் தொடாமல் ஏழு நாட்கள் சஃபாரியைப் பயன்படுத்தினால், அந்தத் தளம் நிரல் வழியாகச் சேமித்த தகவல்கள் அழிக்கப்படும் என்பதே அது. விளம்பர நிறுவனங்கள் பயனர்களைப் பின்தொடர்வதைத் தடுப்பதே ஆப்பிளின் நோக்கம். முகப்புத் திரையில் சேர்க்கப்பட்ட செயலிகளுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் இணைப்பு இல்லாத இடத்தில் படிவத்தை நிரப்பி வைத்து, பிறகு அனுப்பலாம் என்று நம்பிச் செயலி எழுதியவருக்கு, 'சேமிக்கலாம்' என்ற ஒரு சொல்லை மட்டும் கூறிய ஆவணம் பாதி உண்மையைத்தான் கூறியது.

இதேபோல, 2023 மார்ச்சில் ஐ.ஓ.எஸ். 16.4 இல் இணையச் செயலிகளுக்கு அறிவிப்பு அனுப்பும் வசதி வந்தது. ஆனால் பயனர் அச்செயலியை முகப்புத் திரையில் சேர்த்திருந்தால் மட்டுமே அது இயங்கும். திரையின் முழு உயரத்தைக் குறிக்கும் அலகு, மேலும் கீழுமாக மறைந்து தோன்றும் முகவரிப் பட்டையைக் கணக்கில் கொள்ளாததால், பல செயலிகளின் கடைசிப் பொத்தான் ஐபோனில் பட்டைக்குக் கீழே ஒளிந்துகொண்டது. இதற்குத் தீர்வாக வந்த புதிய அலகுகள் மூன்று பெரிய உலாவி எஞ்சின்களையும் எட்டியது 2022 இல்தான். அதுவரை வல்லுநர்கள் ஒருவருக்கொருவர் குறுக்குவழிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பொது ஆவணம் என்ற எண்ணம்

ஒவ்வொரு நிறுவனமும் தனது உலாவியைப் பற்றித் தானே எழுதினால், அடுத்தவர் உலாவியில் என்ன நடக்கும் என்பதை எழுத எவரும் இருக்க மாட்டார்கள். இந்தக் குறையை நிரப்பியது எம்.டி.என். என்று அறியப்படும் தொகுப்பு.

நெட்ஸ்கேப் நிறுவனம் வைத்திருந்த டெவ்எட்ஜ் என்ற ஆவணத் தொகுப்பு, ஏ.ஓ.எல். நிறுவனத்தின் கைக்குப் போய் 2004 இல் மூடப்பட்டது. அதன் உள்ளடக்கத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்ற மொஸில்லா அறக்கட்டளை, 2005 இல் அதை யாரும் திருத்தக்கூடிய தொகுப்பாகத் திறந்தது. ஃபயர்ஃபாக்ஸின் கையேடாகத் தொடங்கிய அது, காலப்போக்கில் எல்லா உலாவிகளுக்கும் பொதுவான கையேடாக மாறியது.

இடையில், 2012 இல், உலகளாவிய வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி முன்னின்று, அடோபி, ஃபேஸ்புக், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா, நோக்கியா, ஓபரா உள்ளிட்ட நிறுவனங்களுடன் சேர்ந்து வெப் பிளாட்ஃபார்ம் டாக்ஸ் என்ற நடுநிலைத் தொகுப்பைத் தொடங்கியது. பெரும் பெயர்கள் பல ஒன்றுசேர்ந்த அந்த முயற்சி 2015 இல் நின்றுபோனது. நாள்தோறும் உட்கார்ந்து எழுதுவதற்குச் சம்பளம் பெறும் ஆட்கள் ஒரு தொகுப்புக்குக் கையொப்பங்களைவிட அவசியம்.

2017 அக்டோபரில் நிலைமை எதிர்த்திசையில் திரும்பியது. மைக்ரோசாஃப்ட், கூகுள், சாம்சுங், டபிள்யூ3சி ஆகியவை எம்.டி.என். ஆலோசனைக் குழுவில் இணைந்தன. மைக்ரோசாஃப்ட் தனது சொந்த ஆவணங்களில் 7,700 க்கும் மேற்பட்ட பக்கங்களை எம்.டி.என். பக்கங்களுக்குத் திருப்பிவிட்டது. உலாவிச் சந்தையில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் நிறுவனங்கள், அகராதியை மட்டும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டன.

இதே காலத்தில் நடந்த இன்னொரு மாற்றம் வெளியே அதிகம் பேசப்படவில்லை. ஆனால் நடைமுறையில் அதன் பயன் பெரிது. அதுவரை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்த உலாவி அட்டவணைகள் கையால் எழுதப்பட்டவை. ஒரு மொழியில் திருத்தினால் மற்றொரு மொழியில் பழையதே இருக்கும். அவற்றையெல்லாம் பக்கங்களிலிருந்து பிரித்து, கணினி படிக்கக்கூடிய ஒரே தரவுத் தொகுப்பாக மாற்றும் பணி தொடங்கப்பட்டது. ஒவ்வொரு வசதிக்கும், அது எந்தப் பதிப்பில் சேர்ந்தது, எந்தப் பதிப்பில் நீக்கப்பட்டது, வேறு பெயரில் இருந்ததா, பயனர் அமைப்பை மாற்றினால்தான் இயங்குமா, பகுதியளவில் மட்டும் இயங்குகிறதா என்பன தனித்தனியே பதியப்படுகின்றன. இந்தத் தரவு எவ்வித உரிமைக் கட்டுப்பாடும் இல்லாமல் வெளியிடப்படுகிறது. எனவே எம்.டி.என். மட்டுமல்லாமல், கேன் ஐ யூஸ் என்ற பிரபலமான தேடல் அட்டவணையும், நிரல் எழுதும் கருவிகளும் அதையே எடுத்துக்கொள்கின்றன.

தரவாக மாற்றியபோதுதான் எவ்வளவு விஷயம் அறியப்படாமல் இருந்தது என்பது தெரியவந்தது. கையால் எழுதிய அட்டவணையில் ஒரு கேள்விக்குறியை யாரும் கவனிப்பதில்லை. தரவில் அது எண்ணப்படும். 'உண்டு, ஆனால் எந்தப் பதிப்பிலிருந்து என்று தெரியாது' என்றும், 'எதுவும் தெரியாது' என்றும் நிரப்பப்பட்டிருந்த கட்டங்கள் ஏராளம். இவற்றை நிரப்புவதற்கு, பழைய உலாவிகளையும் தொலைபேசிகளையும் உண்மையிலேயே இயக்கி, ஒவ்வொரு வசதியையும் தானாகச் சோதித்துப் பார்க்கும் நிரல் எழுதப்பட்டது. பல ஆண்டுகள் நீடித்த இந்தச் சலிப்பூட்டும் பணியின் விளைவாக அந்த வெற்றிடங்கள் படிப்படியாகக் குறைந்தன. கைத்தொலைபேசி உலாவிகளின் நிரல்கள் பல, அவற்றின் கணினிப் பதிப்பிலிருந்து அப்படியே பிரதி செய்யப்படுகின்றன என்பது மட்டும் ஓர் ஆபத்து. கணினியில் வேலை செய்வது தொலைபேசியிலும் வேலை செய்யும் என்ற அனுமானம் அதில் உள்ளது. யாராவது சோதித்து மறுக்கும்வரை அந்த அனுமானமே பதிவாக நிற்கும்.

2020 ஆகஸ்டில், மொஸில்லா ஏறத்தாழ 250 பேரைப் பணிநீக்கம் செய்தது. எம்.டி.என். எழுத்தாளர்களில் பெரும்பாலோரும் அதில் அடங்குவர். உலகெங்கும் உள்ள இணைய வல்லுநர்கள் நாள்தோறும் திறக்கும் புத்தகத்தை எழுதியவர்களின் எண்ணிக்கை எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் தொகுப்பு முழுவதும் கிட்ஹப் தளத்துக்கு மாற்றப்பட்டது. 2021 ஜனவரியில், கூகுள், மைக்ரோசாஃப்ட், இகாலியா உள்ளிட்டோரின் நிதியுடன் ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு தொடங்கி, முழுநேர எழுத்தாளர்களை அமர்த்தியது. பராமரிக்க ஆளில்லாத பல மொழிகளின் பக்கங்கள் இந்த மாற்றத்தில் கைவிடப்பட்டன. எம்.டி.என். வெளியாகும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. இந்திய மொழி எதுவுமே இல்லை.

ஜியோஃபோனும் காணாமல்போன பக்கங்களும்

ஆவணம் எவ்வளவு காலம் வாழ வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது.

2013 இல் மொஸில்லா, ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ். என்ற இயங்குதளத்தைக் கொண்ட தொலைபேசிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் எல்லாச் செயலிகளும் இணையச் செயலிகளே. சிம் அட்டை, குறுஞ்செய்தி, புகைப்படக் கருவி அனைத்தையும் இணைய நிரல் மூலமே இயக்கலாம். 2014 ஆகஸ்டில் இந்தியாவில் இன்டெக்ஸ் நிறுவனம் 1,999 ரூபாய்க்கு அத்தகைய தொலைபேசி ஒன்றை விற்பனைக்கு விட்டது. இந்த இயங்குதளத்துக்கென்று எம்.டி.என். இல் நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டன. ஆனால் தொலைபேசிகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2015 டிசம்பரில் மொஸில்லா அந்த வர்த்தகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. பக்கங்கள் முதலில் பழைய ஆவணங்கள் என்ற பகுதிக்குத் தள்ளப்பட்டன. பின்னர் தளத்திலிருந்தே அகற்றப்பட்டன.

கைவிடப்பட்ட பொருளின் கையேட்டை எடுத்துவிடுவது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பொருள் கைவிடப்படவில்லை. அதன் நிரலை அடிப்படையாகக் கொண்டு கையோஸ் என்ற நிறுவனம் பொத்தான் தொலைபேசிகளுக்கான இயங்குதளத்தை உருவாக்கியது. 2017 இல் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் 1,500 ரூபாய் வைப்புத் தொகைக்கு அறிமுகப்படுத்திய ஜியோஃபோன் அதில்தான் இயங்கியது. மொஸில்லாவின் கனவு தோற்றுப்போனதாக எழுதப்பட்ட பிறகு, அதே நிரல் கோடிக்கணக்கான இந்தியர்களின் முதல் இணையத் தொலைபேசியாக வந்து நின்றது.

ஜியோஃபோனில் பரவலாக இருந்த கையோஸ் 2.5 பதிப்பு, கெக்கோ 48 என்ற எஞ்சினைக் கொண்டது. அது 2016 ஆகஸ்டில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 48 இன் எஞ்சின். பக்கங்களைக் கட்டம் கட்டமாக அமைக்க இன்று எல்லோரும் பயன்படுத்தும் சி.எஸ்.எஸ். கிரிட் வசதி ஃபயர்ஃபாக்ஸுக்கு வந்தது 2017 மார்ச்சில் வெளியான 52 ஆவது பதிப்பில். நிரலைக் காத்திருக்கச் செய்து எழுதும் அசிங்க் என்ற எளிய முறையும் அதே 52 இல்தான். அதாவது, இன்றைய பாடப் புத்தகம் முதல் அத்தியாயத்தில் சொல்லிக்கொடுக்கும் இரண்டு விஷயங்கள் அந்தத் தொலைபேசியில் இயங்கா. தொடுதிரை கிடையாது. 2.4 அங்குலத் திரை, நான்கு திசைப் பொத்தான்கள், மேலே இரண்டு மென்பொத்தான்கள் அவ்வளவே. விரலால் தள்ளு, தட்டு என்று பேசும் வழிகாட்டி எதுவும் இங்கே உதவாது.

கையோஸ் நிறுவனம் தனக்கென்று ஆவணங்களை வெளியிட்டது உண்மை. ஆயினும் அடித்தளத்தில் உள்ள வசதிகளை விரிவாக விளக்கியவை மொஸில்லாவின் பழைய பக்கங்களே. ஜியோஃபோனுக்குச் செயலி எழுத முனைந்தவர்கள் இணைய ஆவணக் காப்பகங்களிலும், யாரோ சேமித்து வைத்த பிரதிகளிலும் அவற்றைத் தேட வேண்டியதாயிற்று. 2020 இல் கையோஸும் மொஸில்லாவும் கூட்டுச் சேர்ந்து எஞ்சினைப் புதுப்பிக்க ஒப்பந்தம் செய்து, 2021 இல் கெக்கோ 84 உடன் கையோஸ் 3.0 வந்தது. ஏற்கெனவே விற்கப்பட்ட ஜியோஃபோன்கள் பழைய எஞ்சினிலேயே தங்கின.

ஆவணத்தை எழுதுபவர்கள் புதிய வசதிகளைப் பின்தொடர்கிறார்கள். கையில் பணம் குறைந்த பயனர்கள் பழைய பதிப்புகளில் தங்கிவிடுகிறார்கள். இந்த இடைவெளி தற்செயலானதல்ல. புதியதை விளக்குவதற்கு நிதி தர நிறுவனங்கள் உண்டு. பழையதை விளக்கியதைப் பாதுகாப்பதற்கு எவருக்கும் வர்த்தகக் காரணம் இல்லை.

ஒரே சொல்லில் விடை

அட்டவணைகள் துல்லியமாகத் துல்லியமாக, அவற்றைப் படிப்பதும் கடினமாகிவிட்டது. பத்துக்கும் மேற்பட்ட உலாவிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், சிலவற்றுக்கு அடிக்குறிப்பு. 'பயன்படுத்தலாமா, கூடாதா' என்ற எளிய கேள்வியோடு வருபவருக்கு இது பதிலாகாது. 2023 மே மாதம் கூகுள் அறிவித்த பேஸ்லைன் என்ற முத்திரை இதற்கு விடையாக முன்வைக்கப்பட்டது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகியவற்றின் கணினி, கைத்தொலைபேசிப் பதிப்புகளிலும் எட்ஜின் கணினிப் பதிப்பிலும் ஒரு வசதி வந்துவிட்டால் அது 'புதிதாகக் கிடைப்பது'. அதன் பின் 30 மாதங்கள் கழிந்தால் 'பரவலாகக் கிடைப்பது'. எம்.டி.என். பக்கங்களின் மேற்பகுதியில் இந்த முத்திரை இடம்பெற்றது.

வேலை செய்பவர்களுக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் முத்திரைக்கு வெளியே நிற்பவற்றையும் பார்க்க வேண்டும். மற்றச் செயலிகளுக்குள் திறக்கும் வெப்வியூ, பக்கங்களைத் தனது வழங்கியிலேயே சுருக்கி அனுப்பும் ஓபரா மினி, கையோஸ் ஆகியவை இந்தக் கணக்கில் இல்லை. 30 மாதங்கள் என்பதும் தொலைபேசியை இரண்டரை ஆண்டுகளுக்குள் மாற்றுபவர்களை அல்லது தொடர்ந்து புதுப்பிப்பு கிடைப்பவர்களை மனதில் கொண்ட அளவு. எந்தப் பயனருக்காக எழுதுகிறோம் என்ற முடிவை முத்திரை எடுத்துவிட்டதாக நினைப்பது அதைத் தவறாகப் படிப்பதாகும்.

பயனரின் பதிப்பைக் கண்டறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளலாம் என்ற பழைய உத்தியும் கைகொடுப்பதில்லை. 2019 இல் ஐபேடின் சஃபாரி தன்னை மெக்கின்டோஷ் கணினி என்று அறிமுகப்படுத்திக்கொள்ளத் தொடங்கியது. 2023 இல், ஆண்ட்ராய்டின் குரோம் எந்தத் தொலைபேசியிலிருந்தும் தன்னை ஆண்ட்ராய்டு 10 என்றே சொல்லும் நிலைக்கு வந்தது. பயனரின் அந்தரங்கத்தைக் காக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. இதன் விளைவாக, நல்ல ஆவணம் இனிப் பதிப்பு எண்ணைச் சொல்வதோடு நிற்க முடியாது. வசதி இருக்கிறதா என்று செயலியே சோதிப்பது எப்படி, இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டையும் அதே பக்கத்தில் கூற வேண்டும். பல பக்கங்களில் முதலாவது இருக்கிறது. இரண்டாவது அரிதாகவே காணக் கிடைக்கிறது.

செயற்கை நுண்ணறிவு இந்தக் குறையை நிரப்பும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. 2023 நடுப்பகுதியில் எம்.டி.என். பக்கங்களில், நிரல் உதாரணங்களைத் தானாக விளக்கும் பொத்தான் ஒன்று சேர்க்கப்பட்டது. அது சில இடங்களில் தவறான விளக்கம் தருவதாக வாசகர்கள் சுட்டிக்காட்டியதை அடுத்து, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. பல ஆண்டுகாலப் பழைய பக்கங்களைப் படித்து வளர்ந்த இயந்திரத்துக்கு, ஃபாஸ்ட்கிளிக் இன்னும் தேவை என்று தோன்றினால் அதில் வியப்பில்லை.

ஆவணமே செய்தியானபோது

2024 பிப்ரவரியில் நடந்தது இவற்றுக்கெல்லாம் ஒருபடி மேலே. ஐ.ஓ.எஸ். 17.4 இன் சோதனைப் பதிப்புகளைப் பயன்படுத்திய ஐரோப்பியப் பயனர்கள், முகப்புத் திரையில் வைத்த இணையச் செயலிகள் வெறும் குறுக்குவழிகளாக மாறி, உலாவிக்குள் திறப்பதைக் கவனித்தனர். பிழையாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. பின்னர் ஆப்பிள், வல்லுநர்களுக்கான தனது கேள்வி பதில் பக்கத்தில் சில பத்திகளைச் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் மற்ற எஞ்சின்களை அனுமதிக்கக் கோருவதால், அவற்றுக்கும் பாதுகாப்பாக இந்த வசதியை வழங்குவது பெரும் வேலை என்றும், எனவே ஒன்றியத்தில் இந்த வசதி நீக்கப்படுவதாகவும் அதில் கூறப்பட்டிருந்தது. அறிவிப்பு வசதிக்காக முகப்புத் திரையில் சேர்க்கும்படி ஓராண்டுக்கு முன் பயனர்களைக் கேட்டுக்கொண்ட செயலிகளின் நிலை என்ன என்பதற்குத் தெளிவான பதில் அப்பக்கத்தில் இருக்கவில்லை.

வல்லுநர்கள் கூட்டாகக் கண்டனம் தெரிவித்தனர். ஐரோப்பிய ஆணையம் விளக்கம் கேட்டது. மார்ச் 1 ஆம் தேதி ஆப்பிள் அதே பக்கத்தைத் திருத்தியது. வசதி தொடரும் என்றும், ஆனால் முன்போல வெப்கிட் எஞ்சினில் மட்டுமே இயங்கும் என்றும் புதிய பத்தி கூறியது. சில நாட்களில் ஐ.ஓ.எஸ். 17.4 முகப்புத் திரைச் செயலிகளோடு வெளியானது.